வெட்டாமல் ஒளிக்கு உருவம் கொடுப்பது: லேசர் கற்றையும் கட்டம் தேடும் அல்காரிதமும்

வெயில் ஏறிய நேரத்தில், தெளிந்த தண்ணீர் நிற்கும் தொட்டியின் அடியைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளி நூலில் பின்னிய வலை மாதிரி ஒளிக்கோடுகள் அங்கே நெளிந்துகொண்டிருக்கும். அந்த வலையை வரைந்தது எது? தண்ணீரின் மேல்மட்டத்தில் யாரும் கறுப்பு மை பூசி வைக்கவில்லை. தெளிந்த தண்ணீர் ஒளியைத் தடுப்பதும் இல்லை. ஓர் இடத்தில் அலை மேடு, பக்கத்தில் பள்ளம். மேட்டின் வழியே போன ஒளி கொஞ்சம் கூடுதலான தண்ணீரைக் கடக்கிறது, அதனால் துளி தாமதமாகிறது. அந்தச் சிறு தாமதம் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒளி திசை மாறி, சில இடங்களில் குவிந்து, சில இடங்களை விட்டு விலகுகிறது. அடியில் தெரியும் வலை முழுவதும் அப்படி வந்ததுதான்.

லேசர் கற்றையை வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரும் தொழில்நுட்பமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் இதைப் பற்றிப் பொதுவில் பேசும்போது மூன்று தவறான எண்ணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கோலமாவு அச்சு மாதிரி ஓர் ஓட்டைத் தகட்டை லேசருக்கு முன்னால் வைக்கிறார்கள் என்பது ஒன்று. ஹாலோகிராம் என்றாலே காற்றில் மிதக்கும் படம் என்பது இன்னொன்று. கணினி எங்கோ மறைந்திருக்கும் ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடித்துத் தருகிறது என்பது மூன்றாவது. மூன்றாவது எண்ணத்தைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகக் கலைக்கப் பார்க்கிறேன். ஏனென்றால் இந்த முறையின் அழகு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

வெட்டினால் நஷ்டம், தாமதித்தால் லாபம்

ஒரு லேசர் கற்றையை 'அ' என்ற எழுத்து வடிவில் ஒரு தகட்டின் மேல் விழ வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எளிய வழி, அ வடிவில் ஓட்டை போட்ட மறைப்பை நடுவில் வைப்பது. எழுத்தின் கோடுகள் கற்றையின் பரப்பில் இருபதில் ஒரு பங்குதான் என்றால், மீதிப் பத்தொன்பது பங்கு ஒளி மறைப்பில் மோதி வீணாகும். மறைப்பு சூடாகும். நமக்குக் கிடைப்பது மங்கலான ஓர் எழுத்து. உலோகத்தை உருக்கவோ அணுவைப் பிடிக்கவோ நினைப்பவர்களுக்கு இந்த நஷ்டம் கட்டுபடியாகாது.

தண்ணீர்த் தொட்டியின் வழி வேறு. இருக்கிற ஒளி முழுவதையும் எடுத்து, வேண்டாத இடத்திலிருந்து வேண்டிய இடத்துக்கு நகர்த்துவது. அதற்கு ஒளியைத் தடுக்கக் கூடாது. கற்றையின் ஒவ்வொரு பகுதியையும் வெவ்வேறு அளவு தாமதிக்க வேண்டும்.

இந்தத் தாமதத்துக்கு இயற்பியலில் ஒரு பெயர் உண்டு. ஒளி ஓர் அலை. ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். ஓர் இடத்தில் ஒரு குறிப்பிட்ட கணத்தில் அந்த அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் 'கட்டம்' என்கிறோம். கட்டம் போட்ட சட்டை, இறுதிக்கட்டம் என்று வேறு பொருள்களிலும் இந்தச் சொல் புழங்குகிறது. இங்கே அதைக் கடிகார முள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அலை கால் பங்கு தாமதித்தால் முள் கால் சுற்று நகரும். ஒரு முழு அலைநீளம் தாமதித்தால் முள் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். தாமதமே இல்லாத மாதிரிதான். எனவே நமக்குத் தேவைப்படும் அதிகபட்சத் தாமதம் ஓர் அலைநீளம். சிவப்பு ஹீலியம்-நியான் லேசருக்கு அது 633 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி நூறு அலைநீளங்களை அடுக்கிவிடலாம்.

அலையின் இன்னொரு குணம் 'வீச்சு', அதாவது எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பது. வீச்சின் வர்க்கம்தான் 'செறிவு', நம் கண்ணும் கேமராவும் காணும் வெளிச்சம்.

1969ல் ஐபிஎம் நிறுவனத்தில் லெசெம், ஹிர்ஷ், ஜோர்டன் என்ற மூவர் ஒளியைத் தடுக்காமல் கட்டத்தை மட்டும் மாற்றும் தகடு ஒன்றை வடிவமைத்து அதற்குக் 'கினோஃபார்ம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தகட்டில் ஒருமுறை பொறித்ததை மாற்ற முடியாது. இன்று ஆய்வகங்களில் அந்த வேலையைச் செய்வது திரவப் படிகத் திரை. ஆய்வக வழக்கில் எஸ்எல்எம், அதாவது 'ஸ்பேஷியல் லைட் மாடுலேட்டர்'. டிவி திரையின் நெருங்கிய உறவினர் இது. இதன் ஒவ்வொரு பிக்சலிலும் குச்சி போன்ற மூலக்கூறுகள் உண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் அவை சாயும். சாய்வுக்கு ஏற்ப ஒளி அந்தப் பிக்சலைக் கடக்க எடுக்கும் நேரம் மாறும். டிவியில் ஒளியை மறைக்கப் பயன்படும் அதே பொருள், இங்கே ஒளியைத் தாமதிக்க மட்டும் பயன்படுகிறது. பரவலாகக் கிடைக்கும் ஒரு திரையில் 1920க்கு 1080, அதாவது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள். ஒவ்வொன்றிலும் 256 படி தாமதம் வைக்கலாம்.

தாமதம் எப்படிப் படமாகிறது

கோயில் விழாவில் பெரிய ஊஞ்சலைப் பலர் சேர்ந்து ஆட்டுவதை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒரே தாளத்தில் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகும். பாதிப் பேர் தள்ளும்போது மீதிப் பேர் எதிர்ப்பக்கம் தள்ளினால் ஊஞ்சல் நின்றுவிடும். யாரும் பலம் குறைத்துத் தள்ளவில்லை, நேரம்தான் மாறிப்போனது. ஒளி அலைகள் ஓர் இடத்தில் சந்திக்கும்போதும் இதுதான் நடக்கிறது. முட்கள் ஒரே பக்கம் காட்டினால் வெளிச்சம், எதிரெதிர் காட்டினால் இருள். இதைப் பாடநூல்கள் குறுக்கீட்டு விளைவு என்கின்றன.

சரி, லேசர் கற்றையை எஸ்எல்எம் திரையில் பட வைத்து, அடுத்து ஒரு லென்ஸை வைக்கிறோம். லென்ஸின் குவியத் தூரத்தில் ஒரு தளம் இருக்கிறது. நமக்குப் படம் வேண்டியது அங்கே. இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். புரொஜெக்டரில் திரையின் ஒரு பிக்சல், சுவரில் ஒரு புள்ளி என்று ஒன்றுக்கு ஒன்று கணக்கு. இங்கே அப்படி இல்லை. குவியத் தளத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் எஸ்எல்எம்மின் எல்லாப் பிக்சல்களிலிருந்தும் ஒளி வந்து சேர்கிறது. இருபது லட்சம் கைகள் ஒரே ஊஞ்சலைத் தள்ளுகின்றன. அடுத்த புள்ளியில் அதே இருபது லட்சம் கைகள் வேறொரு ஊஞ்சலை, வேறு நேரக் கணக்கில். ஒரு பிக்சலின் தாமதத்தை மாற்றினால் படத்தின் ஒரு மூலை மட்டும் மாறாது, படம் முழுவதும் துளித்துளி மாறும்.

எல்லாப் பிக்சல்களின் அலைகளையும் அதனதன் தாமதத்தோடு கூட்டி, குவியத் தளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் என்ன வீச்சு, என்ன கட்டம் கிடைக்கும் என்று சொல்லும் கணக்குக்கு 'ஃபூரியர் மாற்றம்' என்று பெயர். லென்ஸ் இந்தக் கணக்கை ஒளி கடந்து போகும் நேரத்திலேயே போட்டுவிடுகிறது. கணினிக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஆனாலும் கூலி, டூக்கி என்ற இருவர் 1965ல் வெளியிட்ட வேக முறையால் இன்று சாதாரண மடிக்கணினியே இருபது லட்சம் பிக்சல்களுக்கு இதை ஒரு நொடிக்குள் முடித்துவிடும். இன்னொரு நல்ல குணம், இந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம். குவியத் தளத்தின் வீச்சும் கட்டமும் இரண்டும் தெரிந்தால், எஸ்எல்எம் தளத்தில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று அப்படியே பின்னோக்கிக் கணிக்கலாம்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: ஒளியைத் தடுக்காமல் பிக்சலுக்குப் பிக்சல் தாமதிக்கிறோம். லென்ஸ் எல்லா அலைகளையும் கூட்டி ஒரு படமாக்குகிறது. எந்தத் தாமதம் எந்தப் படத்தைத் தரும் என்று கணிக்க ஃபூரியர் மாற்றம் இருக்கிறது.

கட்டத்துக்கு அப்படி என்ன வலிமை?

"வெளிச்சம் கூடக் குறைய இருந்தால்தானே படம், வெறும் தாமதத்தால் படம் வருமா?" என்று சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம். இதற்கு மிக அழகான பதில் சென்னையிலிருந்து வந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ஆர். ஸ்ரீனிவாசனும் படிகங்களில் எக்ஸ் கதிர் சிதறுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அங்கேயும் இதே ஃபூரியர் கணக்குதான். சிதறிய கதிர்களின் வீச்சும் கட்டமும் சேர்ந்தால் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்ற வரைபடம் கிடைக்கும். அவர்கள் ஒரு படிகத்தின் வீச்சுகளையும் முற்றிலும் வேறான இன்னொரு படிகத்தின் கட்டங்களையும் கலந்து வரைபடம் போட்டுப் பார்த்தார்கள். வந்த வரைபடம் எந்தப் படிகத்தின் கட்டங்களை எடுத்தார்களோ அதைப் போல இருந்தது. 1961ல் நேச்சர் இதழில் இதை வெளியிட்டபோது, படிக ஆய்வில் முரண் போலத் தோன்றும் ஒரு விஷயம் என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1981ல், ஓப்பன்ஹைம், லிம் என்ற இருவர் சாதாரணப் படங்களிலும் ஒலியிலும் கட்டத்தின் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டி எழுதிய கட்டுரை பொறியியல் மாணவர்களிடையே பெரிதும் பரவியது. இரண்டு புகைப்படங்களின் ஃபூரியர் கட்டங்களை மாற்றி வைத்தால், கண்ணுக்குத் தெரிவது கட்டம் எவருடையதோ அவருடைய முகம்.

பொருள் எங்கே இருக்கிறது, ஓரங்கள் எங்கே வருகின்றன என்ற செய்தியைக் கட்டம்தான் பெருமளவு சுமக்கிறது. அதனால்தான் கட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒளிக்கு உருவம் கொடுக்க முடிகிறது.

நேராகக் கணக்குப் போட்டால் என்ன?

ஃபூரியர் மாற்றத்தைத் திருப்பிப் போடலாம் என்றேன் அல்லவா? அப்படியானால் அ எழுத்தை எடுத்து, பின்னோக்கிக் கணித்து, வரும் விடையை எஸ்எல்எம்மில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றும்.

முடியாது. பின்னோக்கிக் கணிக்கும்போது எஸ்எல்எம் தளத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு கட்டமும் ஒரு வீச்சும் விடையாக வரும். கட்டத்தை நம்மால் வைக்க முடியும். வீச்சு நம் கையில் இல்லை. லேசர் கற்றை நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தை நோக்கி மங்கிக்கொண்டும் வருகிறது; அதுதான் அதன் வீச்சு, அதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். கணக்கு கேட்கும் வீச்சோ அப்படி வழவழப்பாக இருக்காது. அதை நிறைவேற்ற வேண்டுமானால் மறுபடி ஒளியைத் தடுக்க வேண்டும். கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டோம்.

ஆனால் நம்மிடம் இன்னும் பயன்படுத்தாத ஒரு சுதந்திரம் இருக்கிறது. குவியத் தளத்தில் நமக்கு வேண்டியது செறிவு மட்டும். கேமரா கட்டத்தைப் பார்ப்பதில்லை. சிவப்பு ஒளி நொடிக்கு ஏறத்தாழ 4.7 கோடி கோடி முறை ஏறி இறங்குகிறது, எந்தக் கேமராவும் அந்த வேகத்தைப் பின்தொடராது, சராசரி வெளிச்சத்தை மட்டும் பதியும். உருகும் உலோகத்துக்கும் கட்டத்தைப் பற்றிக் கவலை இல்லை. அப்படியென்றால் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் கட்டம் என்னவாக இருந்தாலும் சரி! பின்னோக்கிக் கணிக்கும்போது படத்தின் கட்டத்தை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதை எப்படி வைத்தால் எஸ்எல்எம் தளத்தில் லேசரின் உண்மையான வீச்சே விடையாக வரும்? கேள்வி இப்போது இப்படி மாறிவிட்டது. படத்தின் கட்டம் யாருக்கும் வேண்டாத சரக்கு. அந்த வேண்டாத சரக்குதான் நம் மூலதனம்.

இரண்டு வரப்புகளுக்கு நடுவே நடப்பது

இருட்டில் ஒரு வயலில் நிற்கிறீர்கள். இரண்டு வரப்புகள் உண்டு. அவை எங்கே சந்திக்கின்றன என்று தெரியாது. உங்களால் ஒன்றுதான் முடியும்: எந்த வரப்பில் நின்றாலும், அடுத்த வரப்பின் மிக அருகிலுள்ள இடத்துக்கு நேராக நடந்து போவது. முதல் வரப்பிலிருந்து இரண்டாவதுக்குக் குறுக்கே நடக்கிறீர்கள். அங்கிருந்து திரும்பி முதல் வரப்பின் மிக அருகிலுள்ள இடத்துக்கு. இப்படிப் போய்ப் போய் வந்தால், வரப்புகள் சந்திக்கும் மூலையை நோக்கி மெல்ல மெல்ல நகர்வீர்கள். ஒவ்வொரு நடையும் முந்தையதைவிட நீளமாக இருக்கவே இருக்காது.

1972ல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தைச் சேர்ந்த கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் என்ற இருவர் வெளியிட்ட அல்காரிதம் இந்த நடைதான். அவர்களுக்கு லேசர் பற்றிய சிந்தனை இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படத்தின் செறிவும், அதன் விளிம்பு விளைவுப் படத்தின், அதாவது ஃபூரியர் தளத்தில் விழும் கோலத்தின், செறிவும் கையில் இருந்தன. காணாமல் போன கட்டத்தைத்தான் தேடினார்கள்.

நம் வேலைக்கு அதைப் பொருத்தினால் முதல் வரப்பு, 'வீச்சு லேசர் கற்றையின் வீச்சாக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனை. இரண்டாவது வரப்பு, 'குவியத் தளத்தின் செறிவு அ எழுத்தாக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனை. முதலில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஏதோ ஒரு கட்டத்தை, குலுக்கல் சீட்டு எடுத்த மாதிரி, வைத்துவிடுகிறோம். ஃபூரியர் மாற்றம் போட்டுக் குவியத் தளத்துக்குப் போகிறோம். அங்கே வந்த வீச்சு அ எழுத்து மாதிரி கொஞ்சமும் இருக்காது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அ எழுத்தின் வீச்சை வைக்கிறோம். கூடவே வந்த கட்டத்தை மட்டும் தொடாமல் விடுகிறோம். பின்னோக்கிக் கணித்து எஸ்எல்எம் தளத்துக்குத் திரும்புகிறோம். இங்கே வந்த வீச்சு லேசரின் வீச்சாக இருக்காது. அதையும் தூக்கிப் போட்டுவிட்டு லேசரின் வீச்சை வைக்கிறோம், கட்டத்தைத் தொடுவதில்லை. இது ஒரு சுற்று. மறுபடி ஆரம்பம்.

கட்டத்தைத் தொடாமல் வீச்சை மட்டும் மாற்றுவதுதான் 'மிக அருகிலுள்ள இடத்துக்கு நடப்பது'. கடிகார முள்ளின் திசையை மாற்றாமல் நீளத்தை மட்டும் சரிசெய்வது, முள்ளின் நுனியை மிகக் குறைவாக நகர்த்தும் வழி. ஃபூரியர் மாற்றமோ இரண்டு நிலைகளுக்கு இடையிலுள்ள மொத்தத் தூரத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு சுற்றிலும் பிழை குறையும், அல்லது அப்படியே நிற்கும். கூடாது.

இந்த அல்காரிதத்தை எழுத இருபது வரி நிரல் போதும். நான் முதல்முறை அ எழுத்தை இலக்காக வைத்து ஓட்டிப் பார்த்தபோது, முதல் சுற்றிலேயே மணல் தூவிய மாதிரி ஓர் எழுத்து மங்கலாகத் தெரிந்ததைப் பார்த்து வாயடைத்துப் போனேன். ஐந்தாறு சுற்றில் எழுத்து தெளிந்தது. முப்பது சுற்றுக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஏதும் இல்லை. அந்த எழுத்தைத் தந்த கட்டப் படத்தைத் தனியே திறந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிற இரைச்சல். அதற்குள் அ ஒளிந்திருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஹாலோகிராம் என்று ஆய்வகத்தில் சொல்வது இந்தச் சாம்பல் இரைச்சலைத்தான். காற்றில் எதுவும் மிதப்பதில்லை.

சுருக்கமாக: இரண்டு தளங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வீச்சு நிபந்தனை. போகும்போதும் வரும்போதும் வீச்சைத் திருத்துகிறோம், கட்டத்தைக் காப்பாற்றுகிறோம். பொதுவாக இந்தக் கணக்கு முழுவதும் முன்கூட்டியே கணினிக்குள் நடக்கிறது. லேசருக்குப் போவது கடைசியில் மிஞ்சும் கட்டப் படம் மட்டும்.

'மீட்பு' என்ற பெயர் தரும் குழப்பம்

இந்த வகை அல்காரிதங்களுக்குக் 'கட்ட மீட்பு' என்று பெயர். மீட்பு என்றால் தொலைந்துபோன ஒன்று இருந்தது, அதைத் திரும்ப எடுக்கிறோம் என்று பொருள். சில வேலைகளில் அது உண்மைதான்.

1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைநோக்கி அனுப்பிய படங்கள் மங்கலாக இருந்தன. 2.4 மீட்டர் கண்ணாடியின் ஓரம், இருக்க வேண்டியதைவிட சுமார் 2 மைக்ரோமீட்டர் தட்டையாகிவிட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றி அளக்க வழி இல்லை. கையில் இருந்தவை மங்கிய நட்சத்திரப் படங்கள், அதாவது செறிவு மட்டும். அவற்றிலிருந்து கட்டத்தை மீட்டு, கண்ணாடியின் பிழை எவ்வளவு என்று கணித்தார்கள். இந்தத் துறையில் 1970களின் கடைசியிலிருந்து முன்னோடியாக இருந்த ஜேம்ஸ் ஃபீனப்பும் அந்த வேலையில் இருந்தார். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் திருத்தும் கருவிகளைப் பொருத்தினார்கள். அங்கே உண்மையான விடை ஒன்றே ஒன்று. கண்ணாடி எப்படிச் செதுக்கப்பட்டதோ அதுதான். அல்காரிதம் வேறொரு விடையைச் சொன்னால் அது தவறு.

லேசரை வடிவமைக்கும்போது மீட்க எதுவுமே இல்லை. அ எழுத்துக்கான கட்டம் இதற்கு முன் எங்கும் இருந்ததில்லை. குலுக்கல் சீட்டை மாற்றி ஆரம்பித்தால் வேறொரு கட்டப் படம் வரும்; அதுவும் அ எழுத்தைத் தரும். நூறு முறை ஓட்டினால் நூறு வெவ்வேறு சாம்பல் படங்கள், கண்ணுக்கு எல்லாம் ஒரே எழுத்து. எல்லாமே பயன்படும். ஒரே பெயரும் ஒரே நிரலும் இருப்பதால் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்று துப்பறிவது, இன்னொன்று தச்சு வேலை. துப்பறிபவருக்குப் பல விடைகள் வருவது தலைவலி. தச்சருக்கு அது வரம், ஏனென்றால் பலவற்றில் எது தன் வேலைக்குத் தோதோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நடை நின்றுபோகும் இடங்கள்

வரப்பு உதாரணத்துக்கு ஒருமுறை திரும்பலாம். வரப்புகள் நேர்க்கோடாக இருந்தால் நடை மூலையில் போய் முடியும். நம் நிபந்தனைகள் வளைந்து நெளிந்த வரப்புகள். ஓரிடத்தில் அவை நெருங்கி வந்து, தொடாமலே விலகிப் போகலாம். அங்கே மாட்டினால் இங்கும் அங்குமாக அதே இரண்டு இடங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பீர்கள். பிழை குறையாது. வேறெங்கோ இன்னும் நல்ல இடம் இருந்தாலும் அது தெரியாது. வரப்புகள் எங்குமே சந்திக்காமலும் இருக்கலாம். நாம் கேட்ட படம் அந்தக் கற்றையால் துல்லியமாக முடியாத ஒன்று என்று அர்த்தம். உதாரணமாக ஒரு மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள லேசர், 10 மில்லிமீட்டர் அகலக் கற்றை, 100 மில்லிமீட்டர் குவியத் தூரம் என்றால், படத்தில் சுமார் 10 மைக்ரோமீட்டரைவிட நுணுக்கமான எதையும் எதிர்பார்க்க முடியாது. எத்தனை ஆயிரம் சுற்று ஓட்டினாலும் அந்த எல்லை அசையாது.

கண்ணுக்குத் தெரியும் கோளாறு, வெளிச்சமாக இருக்க வேண்டிய பரப்பில் விழும் கறுப்புப் பொட்டுகள். குலுக்கல் கட்டத்தில் ஆரம்பித்தால் படத்தில் சில இடங்களைச் சுற்றிக் கட்டம் ஒரு முழுச் சுற்று சுழன்றுவிடும், தண்ணீர்ச் சுழி மாதிரி. சுழியின் நடுப்புள்ளியில் கடிகார முள் எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது. அதனால் அங்கே முள்ளின் நீளம் பூஜ்யம், ஒளியும் பூஜ்யம். ஒருமுறை உண்டான சுழியைச் சிறு திருத்தங்களால் அவிழ்ப்பது கடினம். அதனால் சீரான வெளிச்சமுள்ள பரப்பு வேண்டுபவர்கள் குலுக்கலை விட்டுவிட்டு, ஒரு லென்ஸ் தருவது போன்ற வழவழப்பான கட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பம் நன்றாக இருந்தால் சுழிகளே வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் இன்னொரு வழி, சுதந்திரத்தைக் கூட்டுவது. 2008ல் பாசியென்ஸ்கி, டிமார்கோ என்ற இருவர் வெளியிட்ட முறையில், படத்துக்கு வெளியே ஓர் ஒதுக்குப்புறத்தை விட்டுவைத்து, அங்கே வீச்சு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மிச்சம் மீதி ஒளி அங்கே போய்க் கொட்டும், படம் சுத்தமாகும். விலை என்னவென்றால் கொஞ்சம் ஒளி வீண். எவ்வளவு ஒளியை விட்டுக்கொடுத்து எவ்வளவு சுத்தம் வாங்குவது என்பதை வேலைதான் தீர்மானிக்க வேண்டும். எல்லாருக்கும் பொருந்தும் ஓர் அமைப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அணுக்களின் புள்ளிக்கோலம்

படத்துக்குப் பதில் தனித்தனிப் புள்ளிகள் மட்டும் வேண்டும் என்றால் கதை இன்னும் சுவையாகிறது.

இறுகக் குவிந்த லேசர் புள்ளி நுண்பொருள்களைத் தன் நடுவில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆர்தர் ஆஷ்கின் 1986ல் செய்து காட்டிய இந்த ஒளி இடுக்கிக்கு 2018ல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. ஒரு புள்ளியால் ஒரு பொருளைப் பிடிக்கலாம் என்றால், புள்ளிக்கோலம் மாதிரி நூற்றுக்கணக்கான புள்ளிகளை ஒரே கற்றையிலிருந்து உண்டாக்கினால் நூற்றுக்கணக்கில் பிடிக்கலாம். கெர்ச்பெர்க்-சாக்ஸ்டன் முறை இதற்கு நன்றாகவே பொருந்தும். புள்ளிகள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளி இருப்பதால் அவற்றுக்குள் சுழிப் பொட்டுத் தொல்லை இல்லை.

ஆனால் ஒரு குறை. அல்காரிதம் மொத்தப் பிழையைத்தான் குறைக்கிறது. சில புள்ளிகள் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் இருந்தாலும் மொத்தக் கணக்கு சரியாகத்தான் தெரியும். அணுக்களுக்கு அது போதாது. மங்கலான புள்ளியில் அணு தங்காமல் ஓடிவிடும். ரோமைச் சேர்ந்த டி லியோனார்டோவும் உடன் பணியாற்றியவர்களும் 2007ல் இதற்குச் செய்த திருத்தம் பந்தியில் பரிமாறுபவர் செய்வதுதான். எந்த இலையில் குறைவாக விழுந்ததோ, அடுத்த சுற்றில் அங்கே கொஞ்சம் கூடுதலாக. ஒவ்வொரு சுற்று முடிவிலும் மங்கிய புள்ளியின் இலக்கைச் சிறிது உயர்த்தி, பிரகாசமான புள்ளியின் இலக்கைச் சிறிது தாழ்த்துகிறார்கள். எல்லாப் புள்ளிகளும் சமமாகும்வரை இப்படி.

பாரிஸுக்கு அருகே பலேசோவில் உள்ள ஆய்வுக்குழு எஸ்எல்எம்மும் இந்த வகைக் கணக்கும் கொண்டு ஒற்றை அணுக்களை வேண்டிய வடிவில் அடுக்கியது. 2018ல் முப்பரிமாணத்திலும் அடுக்கிக் காட்டினார்கள். அவற்றில் ஈஃபில் கோபுர வடிவமும் ஒன்று. 2025ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகக் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட பரிசோதனையில் ஏறத்தாழ 12,000 ஒளிப்புள்ளிகளும் அவற்றில் பிடிபட்ட 6,100 சீசியம் அணுக்களும் இருந்தன. குவாண்டம் கணினிக்கு இந்த அணுக்களைப் பயன்படுத்துவது அவர்கள் நோக்கம்.

இவ்வளவு புள்ளிகள் வரும்போது, கணினிக்குள் சமமாக வந்த புள்ளிகள் மேசையில் சமமாக வராது. எஸ்எல்எம் பிக்சல்களுக்கு இடையே சிறு இடைவெளி உண்டு, அங்கே பட்ட ஒளி தாமதிக்கப்படாமலே போய்ப் படத்தின் நடுவில் ஒரு பிரகாசப் புள்ளியாக விழும். லென்ஸில் சிறு குறை, திரையில் சிறு வளைவு, கணக்கில் எழுதாத தூசி. அதனால் குவியத் தளத்தின் ஒளியைக் கேமராவில் வாங்கி, ஒவ்வொரு புள்ளியின் உண்மையான வெளிச்சத்தையும் அளந்து, அந்த எண்ணை அல்காரிதத்துக்குள் கொடுக்கிறார்கள். பந்தியில் எந்த இலையில் குறைவு என்று இப்போது கணக்கு சொல்வதில்லை, கண்ணால் பார்த்தே சொல்கிறார்கள். இன்னும் கறாரானவர்கள் கேமராவையும் நம்புவதில்லை. ஒளி எவ்வளவு வலுவாக விழுகிறதோ அதற்கேற்ப அணு உறிஞ்சும் அலைநீளம் சற்று நகரும். பிடிபட்ட அணுவிடமே அந்த நகர்வை அளந்து, அதைக் கொண்டு அடுத்த சுற்றின் இலக்கைத் திருத்துகிறார்கள்.